பொட்டலத்துக்கு ஒரு கைநாட்டு

சேக் இஸ்மாயிலுக்கு ஒரு விஷயத்தில் தன்னைப் பற்றி ரொம்பக் கர்வம். குடைக் கடைக்குச் சரக்கெடுக்க எந்த ஊருக்குப் போனாலும் அவர் கையில் ஒரே ஒரு தோல் பைதான் இருக்கும். மாற்றுக் கைலி ஒன்று, சட்டை ஒன்று, அவ்வளவுதான். படுக்கையும் தலையணையும் கூஜாவுமாக ரயிலேறுகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பாக வரும்.

முப்பத்தெட்டாம் வருஷம் திருச்சியில் இரண்டு நாள் பெண்கள் மாநாடு. மனைவி நஜ்முன்னிசாவை அழைத்துப் போவதென்று முடிவானதும் மூட்டை கட்டும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். தெருவில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று முதலிலேயே கண்டித்துச் சொன்னார். தெற்குவாசல் பக்கத்து அந்தத் தெருவில் ஒருவர் வெளியூர் கிளம்புகிறார் என்றால் போதும், அந்த ஊரில் உறவுள்ள வீடெல்லாம் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்து நிற்கும். வாங்க மறுத்தால் அடுத்த பெருநாள் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

நஜ்முன்னிசாவின் கவலையே வேறு. லேடி டாக்டர் உள்ள பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று தங்கள் பக்கத்துக்கு வேண்டுமென்று அவள் மனு எழுதியிருந்தாள். ஆண் டாக்டரிடம் போக மாட்டாமல் வீட்டிலேயே வலி கண்டு, வீட்டிலேயே கண் மூடிய பெண்கள் அந்தத் தெருவில் ஒருவர் இருவரல்ல. ஐம்பது பெண்களாவது கையொப்பம் போட்டிருந்தால்தான் மாநாட்டில் தீர்மானமாக எடுப்போம் என்று கடிதம் வந்திருந்தது. ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியும் சேர்ந்தது ஒன்பதுதான். மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாக நழுவிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் இஸ்மாயில் சாப்பிட வந்தபோது கூடம் நிறையப் பொட்டலம். பாலக்கரைத் தங்கச்சிக்கு எலுமிச்சை ஊறுகாய், உறையூர்ப் பேரனுக்குச் சரிகைத் தொப்பி, பிள்ளை பெற்ற யாருக்கோ சுக்கு லேகியம். அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இம்புட்டையும் யார் சுமக்கிறது என்று கேட்டார்.

நஜ்முன்னிசா, அவர் பெட்டியில் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த தன் சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள்.

"எனக்கு ஒரு மாத்துச் சேலை போதுங்க. பொட்டலம் வாங்குறப்பவே அந்த வீட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேருகிட்டயும் கைநாட்டு வாங்கிட்டேன்."

அவர் மனுவை வாங்கிப் பார்த்தார். தாள் முழுக்க நீலக் கட்டைவிரல்கள். சாமான் போய்ச் சேர வேண்டுமே என்று ஆண்களே தங்கள் பெண்டாட்டிகளைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். இருபது வருஷம் ஏவாரம் பார்த்தும் இப்படியொரு யோசனை தனக்குச் சத்தியமாக வந்திருக்காது என்று நினைத்தார். கெட்டிக்காரி என்று வாய்விட்டே சொன்னார். பிறகு தன் தோல் பையைக் கவிழ்த்துக் கைலியையும் சட்டையையும் எடுத்துவிட்டு, ஊறுகாய் ஜாடிக்கு இடம் பண்ணினார்.

சனிக்கிழமை காலை வாசலில் ஜட்கா வந்து நின்றபோது அறுபத்து மூன்று கைநாட்டு சேர்ந்திருந்தது. சாமானை ஏற்றிக்கொண்டிருக்கையில் எதிர்வீட்டு அஜ்மல் பீவி வந்தாள். போன வாரம் நஜ்முன்னிசாவை வாசற்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள். அவளுடைய ஒரே மகள் பக்ருன்னிசா மூன்று மாதத்துக்கு முன் தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். வண்டியில் இனி இடமில்லை என்று சொல்ல இஸ்மாயில் வாயெடுத்தார். அப்புறம்தான் அவள் வெறுங்கையோடு நிற்பதைக் கவனித்தார்.

"திருச்சியில எனக்கு யாருமில்லம்மா. கொடுத்துவிடவும் ஒண்ணுமில்ல. என் கைநாட்டையும் சேத்துக்குவியா?"

நஜ்முன்னிசா மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். அஜ்மல் பீவி விரலை அழுத்தி வைத்தாள். வைத்த பிறகும் நகரவில்லை.

"எம் மக பேர்ல இன்னொண்ணு வைக்கட்டுமா?"

இறந்தவர்களுக்காக வைக்கும் கைநாட்டு செல்லாது என்பது நஜ்முன்னிசாவுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. பேனாவை எடுத்து அந்தக் கைநாட்டுக்குக் கீழே, 'மகள் பக்ருன்னிசா, வயது பத்தொன்பது, பிரசவத்தில் இறந்தாள்' என்று எழுதி, மெதுவாக வாசித்துக் காட்டினாள். எழுத்தறியாத அஜ்மல் பீவி எது பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மை கலையாதபடி அதன் மேலாக விரலை ஓட்டினாள்.

பையில் மனுவுக்கு இடமிருந்தது. ஆனாலும் இஸ்மாயில் மை காயட்டும் என்று சொல்லி, அந்தத் தாளை மடிக்காமல் திருச்சி வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.