அன்பளிப்புக் கடிதம்

இருபது வருடமாகச் சுங்க அலுவலகத்தில் ஊரார் பெட்டிகளை விடுவித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இன்று, வெளிநாட்டிலிருந்து என் மகள் அனுப்பிய பெட்டியே மாட்டிக்கொண்டது. அன்பளிப்பு என்றால் அனுப்பியவரின் கடிதம் வேண்டும். அதை வைக்கக்கூடத் தெரியவில்லை, எனக்குப் பிறந்ததற்கு!

போன் செய்து கத்தினேன்.

"மீட்டிங்ல இருக்கேன்பா. நீங்களே எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

'அன்புள்ள அப்பாவுக்கு' என்று தொடங்கினேன். இரண்டு வரி போதும். ஆனால் சாப்பிட்டீர்களா, முழங்கால் வலி தேவலையா என்று ஒரு பக்கம் ஓடிவிட்டது. அனுப்பிய ஒரே நிமிடத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

அதிகாரி முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"குடுத்து வச்சவர் சார் நீங்க."

"ஆமா சார்," என்றேன். "முத்திரையப் போடுங்க."