நோயில்லாத கோழிக்கு ஒரு கரண்டி

விடிந்ததும் பண்ணைக்காரர் செய்கிற முதல் வேலை, கோழிகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மஞ்சள் நிறக் கிருமிக்கொல்லி மருந்துப் பவுடர் ஒரு கரண்டி போட்டுக் கலக்குவது. கோழிகளுக்கு என்ன நோய் என்றா கேட்கிறீர்கள்? ஒரு நோயும் இல்லை! எல்லாம் கொழுகொழுவென்று கொத்திக்கொண்டு திரிந்தன. கிருமி வந்தபின் மருந்து தேடி ஓடுகிறவன் ஏமாளி, வருமுன் கொடுப்பவன் கெட்டிக்காரன் என்பது அவர் கட்சி. கால்நடை மருத்துவர் ஒருமுறை கண்டித்ததை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டார்.

தொட்டி கழுவுவதும் கூண்டுக்கடியில் எரு அள்ளுவதும் அவர் மனைவி. அவளுக்குத்தான் காய்ச்சல் வந்தது. முதலில் வெறும் நீர்க்கடுப்பு என்றாள். மாத்திரை போட்டார்கள், ஊசி போட்டார்கள், எதற்கும் மசியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிருமி சிறுநீரகத்தைத் தாண்டி ரத்தத்தில் ஏறியிருந்தது.

பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா பண்ணைக்காரரை அறைக்கு அழைத்தார்.

"வழக்கமா போடற மருந்து எதுவும் இந்தக் கிருமிகிட்ட பலிக்கல. நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"கோழிப் பண்ணைங்க."

"கோழிக்கு மருந்து குடுக்கறீங்களா?"

பவுடரின் பெயரைச் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அதே வகை மருந்தைத்தான் இவங்களுக்கு முதல்ல போட்டோம்."

"கோழிக் கிருமி வேற, மனுசக் கிருமி வேறதானே டாக்டர்?"

"வேறயா இருந்தா என்ன? தினம் மருந்து குடுத்தா, அதுல சாகாத கிருமிதான் மிஞ்சும். மருந்தை ஜெயிக்கற வித்தை அதோட மரபணுவுல இருக்கு. அதைத் தன் வாரிசுக்கு மட்டும் குடுக்காது. ஒட்டி நிக்கற வேற இனத்துக் கிருமிக்கும் ஒரு நகல் எடுத்துக் குடுத்துடும். கோழி வயித்துல, எருவுல, நம்ம குடல்ல, எங்க பாத்தாலும் குடுக்கும்."

"அப்ப... என்னாலயா?"

"உங்க பண்ணையிலிருந்துதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. இன்னும் ஒரே ஒரு மருந்து பாக்கி இருக்கு. போட்டுப் பாக்கறோம்."

அடித்துச் சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பார். வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாவி, கட்டினவள் கையாலேயே அந்தத் தொட்டியைக் கழுவவைத்தாயே என்று மனசு குத்திக் குத்திக் கேட்டது. கெட்டிக்காரனாம், கெட்டிக்காரன்!

நல்லவேளை, கடைசி மருந்து கேட்டது. அவள் வாய் திறந்து பேசிய அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"என்னை மன்னிச்சிரும்மா."

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் பொழச்சுட்டேன், சரி. நம்ம எருவை மூட்டை மூட்டையா தெருவெல்லாம் அள்ளிக் குடுத்தீங்களே? புள்ளைங்க வெளையாடற மண்ணுங்க அது. எனக்குக் கேட்ட மருந்தும் நாளைக்கு அதுங்களுக்குக் கேக்காமப் போனா, அப்ப யார்கிட்ட போய் மன்னிப்புக் கேப்பீங்க?"



மறுநாள் மிச்சமிருந்த பவுடரையெல்லாம் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுத் தையல்காரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். தக்காளிப் பாத்தியில் அவள் குழந்தை வெறுங்கையால் மண்ணை அளைந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணே! எரு கொண்டாந்தீங்களா?"

"இல்லம்மா. முதல்ல புள்ளையைத் தூக்கி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடு. பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

அவள் சிரிப்பு மறைந்தது. "என்னண்ணே சொல்றீங்க?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையையும் பார்க்க முடியவில்லை.

"நோயே இல்லாத கோழிக்கு மருந்து குடுத்தேம்மா. தேவையில்லாத மருந்து கிருமிக்குத்தான் பாடம் நடத்துது. ஒண்ணு படிச்சா, பக்கத்துல இருக்கறதுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துடும். நிஜமாவே நோய் வர்ற அன்னிக்கு, நமக்குன்னு ஒரு மருந்தும் மிஞ்சாது."