பஞ்சில் ஏறிய கறுப்பு

அனிருத் பஞ்சை உருட்டி ஸ்பிரிட்டில் நனைத்தபோதே வேதநாயகிக்குத் தெரிந்துவிட்டது. ஊசி போடுமுன் அவன் அப்பாவின் கையைத் துடைக்க வாங்கி வைத்த ஸ்பிரிட் அது. இப்போது அவன் மடியில் இருந்தது அப்பாவின் தோடி.

நாதஸ்வரத் தோடி. அந்தக் காலத்து அரக்கு இசைத்தட்டு. அவள் கணவர் பத்மநாபன் ஞாயிறு தவறாமல் புனே ஜூனா பஜாரின் பழைய சாமான் குப்பையைக் கிளறிக் கிளறிக் கண்டெடுத்தது. தட்டுகள் இருக்கும் அலமாரியைப் பெற்ற பிள்ளைகூடத் தொடக் கூடாது. இன்றைக்கு ஹிஞ்சேவாடி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த பிள்ளை, தைரியமாகப் பூட்டைத் திறந்துவிட்டான்.

"அப்பா இதக் கேட்டுட்டே போகட்டும்மா. இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டரே சொல்லிட்டார். எவ்ளோ தூசி பாரு! துடைச்சிட்டுப் போடறேன்."

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அந்த வீட்டில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கட்டிலில் கிடந்தார். பக்கவாதம் வந்து வாயும் கைகாலும் போனபிறகு அவருக்கு மிச்சம் கண் மட்டும்தான். அந்தக் கண் பஞ்சைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. சொல்லேன், அவனைத் தடுத்து நிறுத்தேன் என்று கெஞ்சியது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அதையும் பார்த்தாயிற்று!

'வேண்டாம்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது.

கல்யாணமாகிக் கட்கிக்குக் குடிவந்த புதிதில் அவளும் இதே காரியத்தைச் செய்தாள். கட்டியவர் ஆசையாக வைத்திருக்கிறாரே, பளபளவென்று ஆக்கிக் கொடுப்போம் என்று ஒரு தட்டை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தாள். தட்டு பாழ். அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். பாழான தட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் கிராமபோன் பெட்டியில் போடுவார். "கேளுங்க, எங்க வேதா பாடின கச்சேரி!" புஸ்ஸென்று ஒரே இரைச்சல். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தட்டு ஓடி முடிகிற வரை அவள் காபித் தம்ளர்களோடு அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே போகக் கூடாது.

அதற்கு முன்னால் அவள் நன்றாகப் பாடுகிறவள். நவராத்திரிக்கு அக்கம்பக்கத்தில் கூப்பிட்டுப் பாடச் சொல்வார்கள். அப்புறம் வாயே திறக்கவில்லை. இரைச்சலுக்குப் பயந்து கைக்குழந்தை அனிருத் வீல் வீலென்று அழுததால்தான் அந்தக் கச்சேரி ஒருவழியாக நின்றது.

"துடைக்கலாம்லம்மா?"

"நல்லா அழுத்தித் துடை," என்றாள்.

பஞ்சு மையாகக் கறுத்தது. "ச்சே, எவ்ளோ அழுக்கு!" என்றபடி இன்னொரு உருண்டை நனைத்தான். தட்டைப் பெட்டியில் வைத்து முள்ளை இறக்கினான். புஸ்ஸென்று இரைச்சல் கிளம்பியது. எங்கோ அடியில் ஒரு நாதஸ்வரம் தொண்டை கட்டி முனகியது. அப்புறம் அதுவும் இல்லை.

"என்னம்மா இது, ஒண்ணுமே கேக்கல?"

"பழசுடா. தேஞ்சு போயிருக்கும்."

பத்மநாபனின் கண்ணோரம் நீர் வழிந்தது.

"அப்பா அழறார்ம்மா! அவருக்குப் புரியுது. இரு, இதே தோடிய கம்பெனில புதுசா சுத்தம் பண்ணிப் போட்டிருக்காங்க. ஃபோன்லயே இருக்கு."

முதல் சம்பளத்தில் அவன் அந்த மறுபதிப்பைத்தான் சி.டி.யாக வாங்கி வந்து அப்பாவிடம் நீட்டினான். "இரைச்சல எடுக்கறேன்னு மூச்சையும் சேத்து எடுத்துட்டான். இது செவிட்டுப் பயலுங்களுக்கு," என்று அவர் மூலையில் வீசினார். இப்போது அதை அவர் காதோடு ஒட்டி வைத்துச் சத்தத்தையும் கூட்டினான். பாவம், அவன் ஆசை அவனுக்கு. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அவரால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

தோடி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மூச்சு எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை.

கீழ்வீட்டுச் சுந்தரமூர்த்தி ஓடி வந்தார். அவரும் தட்டு சேர்க்கிறவர்தான். அந்த நாளில் வேதாவின் கச்சேரிக்குப் பலமாகச் சிரித்தவரும் அவரே. தாடையைக் கட்டிவிட்டு, மூக்கில் வைக்கப் பஞ்சு தேடினார். கையில் அகப்பட்டது கறுத்த உருண்டை. முகர்ந்தார். பெட்டியில் கிடந்த தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அண்ணி... இது..."

"அது அழுக்கு, கீழ போடுங்க. புதுசு தரேன்."

சுந்தரமூர்த்தி உருண்டையைக் கீழே போட்டார். அனிருத் கட்டில் காலடியில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். விரலெல்லாம் கறுப்பு. அவன் முகத்தைப் பார்க்க மட்டும் அவளுக்குத் தெம்பு வரவில்லை.

"கையக் கழுவிட்டு வாடா, கண்ணா," என்றாள்.

"ஃபோன நிறுத்தட்டுமாம்மா?"

"ஓடட்டும்."

அவன் எழுந்து போனான். மூக்குக்குச் சுந்தரமூர்த்தி வைத்தார். காதுக்கு அவளே வைத்தாள். வலது காதில் வைத்து விரலால் உள்ளே தள்ளினாள். தலையை மெல்லத் திருப்பி இடது காதிலும் வைத்தாள். அது சரியாக நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் பஞ்சைக் கிள்ளித் திணித்தாள்.

பிறகு ஃபோனில் ஓடிக்கொண்டிருந்த தோடியோடு சேர்ந்து, குரலை மெதுவாக எடுத்து, அவள் பாடத் தொடங்கினாள். சுந்தரமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.