ஒன்பதாம் கட்டில்

...அதெப்படி, மற்ற பதினொரு கட்டில்களிலிருந்தும் நாடித்துடிப்பு வந்துகொண்டே இருக்கிறது, ஒன்பது மட்டும் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை, பேட்டரி நிறைய இருக்கிறது, கருவியிலும் பழுதில்லை... அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். நல்லவேளை, ஆய்வுக்கூடத்து மாதிரி வார்டின் கட்டில்களில் படுத்திருப்பவை மணல் மூட்டைகள், நாடித்துடிப்பும் கருவிக்குள் ஏற்றிவைத்த போலி, ஆனால் திங்கட்கிழமை மருத்துவமனையில் நிஜ நோயாளிகள், அறிக்கை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். எந்தக் கட்டிலின் கருவி எவ்வளவு உரக்கச் செய்தி அனுப்புவது என்று முடிவுசெய்கிற இந்த நிரலோடு மூன்று வருடமாக மாரடிக்கிறாள், இப்படிச் செய் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை, செய்தி சேர்ந்தால் மதிப்பெண், பேட்டரி மிஞ்சினால் மதிப்பெண், வெளியாள் ஒட்டுக்கேட்க முடிந்தால் மதிப்பெண் போச்சு, பட்டுப்பட்டுத் தானாகக் கற்றுக்கொள்ளும், கற்றும்விட்டது, லிஃப்டுக்கு அப்பால் மூலையில் கிடக்கிற ஒன்பது உரக்கப் பேசினால்தான் செவிலியர் மேசைக்கு எட்டும், உரக்கப் பேசினால் பேட்டரியும் தீரும், நடைவழியில் நிற்பவனுக்கும் கேட்கும், எதற்கு வம்பு என்று கைகழுவிவிட்டது. கெட்டிக்காரக் கழுதை. அதைத் திட்டி என்ன, மதிப்பெண் போட்டது யார்? துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னதற்கு அவர் திரையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "சராசரி தொண்ணூறுக்கு மேல வருதில்லம்மா, அதை மட்டும் போடு." கெட்டவர் இல்லை, அவருக்கும் அலுத்துவிட்டது, யாருக்குத்தான் அலுக்கவில்லை...

எந்தக் கட்டிலை விட்டாலும் பெரிய அபராதம் என்று ஒரு வரி சேர்த்து ஓடவிட்டாள், ஒன்பது பேசத் தொடங்கியது, பேட்டரிக் கணக்கு பாதியாகச் சரிந்தது, மருத்துவமனைக்குச் சொன்ன வாக்கெல்லாம் காற்றில் போயிற்று. பூசி மெழுகத் தெம்பில்லை, திங்கட்கிழமை வேண்டாம், ஒன்பதாம் கட்டிலுக்குக் காவல் இல்லை என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதி அனுப்பிவிட்டாள், இனித் தலைவர் கத்துவார், கத்தட்டும்... கத்தினால்தான் கேட்கும் அப்பாவுக்கும், காது அவ்வளவு மந்தம், பஸ்ஸில் நின்றுகொண்டு கத்தினால் வீட்டு விஷயம் அத்தனை பேர் காதிலும் விழும், நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவளுக்குக் குரல் எங்கே எழும்புகிறது, "அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிடுவாள், எத்தனை அப்புறம்... இப்போதே பேசினால் என்ன? போனில் அவர் எண்ணைத் தேடினாள், கீழே, இன்னும் கீழே, தினமும் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறவர் கடைசியாகக் கூப்பிட்டது போன மாதம் எட்டாம் தேதி. உடம்புக்கு ஏதாவதா? இல்லையே, தங்கையோடு நேற்றுக்கூட அரை மணி நேரம் பேசினாராம். கோபமா, கோபித்துக்கொள்கிற ஆளா அவர்? கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவருக்கு இவளிடமிருந்து கிடைத்ததுதான் என்ன... எண்ணை அழுத்தினாள், மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டாள், அவர் மறக்கவில்லை, கோபமும் இல்லை, கூப்பிடாமல் இருக்க அவரை இவள்தான் பழக்கியிருக்கிறாள்.