கமுக்கமும் தெருப்பக்கச் சுவரும்

சாந்தோமில் பவுல்சாமி வீட்டின் தெருப்பக்கச் சுவர் முழுதாக மறைந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பவுல்சாமி, மனைவி ஐவி, மகள் ஜொவிட்டா, பெசன்ட் நகரிலிருந்து பெண் பார்க்க வந்த ஜேக்கப், அவன் தாயார், அடுக்களையில் செம்பியன்.

சுவர் ஒரே நாளில் போய்விடவில்லை. அந்த வீட்டில் கமுக்கம் என்று யார் சொன்னாலும் சுவரில் ஒரு செங்கல் குறையும். ஊரில் அந்தச் சொல்லுக்கு ரகசியம் என்று பொருள். பவுல்சாமி வீட்டில், பங்குச் சாமியாருக்குத் தெரியலாம், பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பொருள். கதவைச் சாத்திவிட்டு, பேச்சின் கடைசியில் சொல்வார்கள். ஜொவிட்டாவின் தம்பி பத்தாம் வகுப்பில் தவறியதற்கு ஒரு செங்கல் போயிற்று, ஐவியின் சர்க்கரைக்கு ஒன்று, பவுல்சாமியின் பல்செட்டுக்கு இரண்டு. ஓட்டைகளின் மேல் பவுல்சாமி அந்தோணியார் படத்தை மாட்டினார், பிறகு சூசையப்பர், மாதா. புனிதர்கள் தீர்ந்ததும் பீரோவை நகர்த்தினார். வேறு சொல் சொல்லலாமே என்று ஐவி கேட்டதற்கு, இது அப்பா காலத்துச் சொல் என்றார்.

ஜொவிட்டா முந்தின மாதமே பதிவாளர் அலுவலகத்தில் செம்பியனைக் கல்யாணம் செய்திருந்தாள். அது வீட்டுக்குத் தெரியும், பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது. அவன் கால்டாக்சி ஓட்டுபவன். ஆற்றோரக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்து அரசுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம். அன்று மனைவியைக் கூட்டிப்போக வந்தவனைப் பவுல்சாமி தெருவோர அடுக்களைக்குள் தள்ளி, தட்டில் பஜ்ஜி வைத்து, "அவங்க போறவரைக்கும் கமுக்கமா இரு" என்றார்.

அது ஒரு செங்கலுக்கு அடங்கும் விஷயம் அல்ல. மிச்சச் சுவர் மொத்தமும் போயிற்று. நிலையும் கதவும் நின்றன. படங்கள் மாட்டிய இடத்திலேயே அந்தரத்தில் தொங்கின.

கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பாஞ்சாலி, மீன் கூடையோடு தெருவில் நின்றாள். "இன்னா வாத்தியாரே, கட்ன புருசன அடுப்பாண்ட குந்த வெச்சிகினு, ஹால்ல இன்னொருத்தனுக்கு டிபனா?"

ஜேக்கப்பின் தாயார் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"மாமா, நான் கமுக்கமாத்தான் கீறேன்" என்றான் செம்பியன். குறையச் செங்கல் இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. பவுல்சாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வந்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டார்.

சுவர் திரும்பவில்லை. பவுல்சாமி இரவில் தவறாமல் தாழ்ப்பாள் போடுகிறார். தெருக்காரர்களும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஜொவிட்டா ஓடிப்போனாள் என்று பங்குக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புருஷனோடு கதவு வழியாகத்தான் போனாள். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவர் பவுல்சாமி.