பதின்மூன்றாவது பாட்டு

என் தம்பி லமாண்ட் ஊரறிய என்னைத் திட்டிப் பாட்டுப் போட்டுவிட்டான். ஆல்பத்தின் பெயர் 'பதினாலு படி'. அதில் ஆறாவது பாட்டு: "என் வீட்டை வித்தவளே, உனக்கு ஒரு வாசல் இல்லாமப் போகட்டும்."

அம்மா போனபிறகு வீட்டை விற்றவள் நான்தான். டெட்ராய்ட்டில் பஸ் ஓட்டுகிறேன். ஏறுகிற பிள்ளைகள் காதில் அதை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பதாகத் தோன்றியது. இந்த ஞாயிறு விருந்துக்கு வராதே என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். இனி என் வாசலை மிதிக்க விடக்கூடாது என்றுதான் இருந்தேன்.

சர்ச் முடிந்து வெளியே வந்ததும் சித்தி மகள் ரொலாண்டா மறித்தாள்.

"முழுசாக் கேட்டியா வெர்னெல்?"

"ஆறாவதக் கேட்டேன். அங்கங்க கொஞ்சம் கேட்டேன். போதாதா?"

"அடிப்பாவி! பஸ்ஸுல பாதியில ஏறிட்டு, எங்கேருந்து வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஏறு காருல."

எங்கள் ஊரில் புது ஆல்பத்தைக் காரில்தான் கேட்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, முதல் பாட்டிலிருந்து, ஒன்றையும் தாண்டாமல். கார் ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. சர்ச் வாசலிலேயே உட்கார்ந்தோம்.

லேசான ஆல்பம் இல்லை அது. தாளம் ஓர் அடி பிந்தியே விழுந்தது. கூடப் பாட ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு பாட்டிலும் குரல் வேறு. முதல் பாட்டில் எங்கள் வீட்டுக் கணப்பு முனகியது. இரண்டாவதில் பக்கத்து வீட்டுக்காரி வம்பு பேசினாள். எல்லாம் அவன் குரல்தான், ஆனால் ஒன்றும் அவன் இல்லை.

"ஒரு பாட்டுக்கு ஒரு படிடி" என்றாள் ரொலாண்டா. "மாடிக்கு ஏறிட்டிருக்கான்."

பதினாலு படி ஏறினால், மாடியில் அம்மாவின் அறை.

ஆறாவது பாட்டுக்கு முன்னால் இரண்டு இருமல். தனியாகக் கேட்டபோது இரைச்சல் என்று நினைத்தேன். இப்போது யாரென்று தெரிந்தது. என் ஒன்பது வயதிலேயே எங்களை விட்டுவிட்டு ஓடிப்போன அப்பா; அவராக மாறித்தான் லமாண்ட் பாடுகிறான். வீட்டை விற்றபோது தொலைபேசியில் அவர் என்னைத் திட்டிய அதே வார்த்தைகள்; தம்பி வாயில் கேட்டதும் தம்பியுடையவை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது பாட்டில் லமாண்ட் படிக்கட்டின் குரலில் அவரிடம் கேட்டான்: "அவதான் வித்தா. அம்மாவத் தூக்கிட்டு இந்தப் படியெல்லாம் ஏறினது யாரு?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பதின்மூன்றாவது ஒரு பீப் ஒலியோடு தொடங்கியது. கை தானாகத் தாண்டப் போனது. ரொலாண்டா பட்டென்று தட்டினாள்.

"இது வெறும் பேச்சுடி. எல்லாருமே தாண்டிடுவாங்க" என்றேன்.

"அதனாலதான் அங்க வச்சிருக்கான்."

வந்தது என் குரல். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் தொலைபேசியில் நான் விட்டுவைத்த செய்தி.

"லமாண்ட், அம்மா போய்ட்டாங்கடா. நீ பக்கத்துல இருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவங்க கைய நீ பிடிச்சிட்டிருந்தேன்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு. சீக்கிரம் வாடா."

அது பொய் என்று ரொலாண்டாவிடம்கூட நான் சொன்னதில்லை. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

கடைசிப் பாட்டில் தாளமே இல்லை. முதல்முறையாக அவனுடைய சொந்தக் குரல். "நான் அங்க இல்ல. ஃபோன அணைச்சு வச்சிருந்தேன். எங்கக்கா தனியா இருந்தா."

அவ்வளவுதான். நான் வாய்விட்டு அழுதேன். ரொலாண்டா தன் சர்ச் கைக்குட்டையை நீட்டினாள்.

லமாண்டை அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிறகு அந்தப் பீப்.

"நான்தான்டா. நாலு மணிக்கு மாக்கரோனி வெந்துடும். வந்து உக்காரு. இதை எடுத்துப் பாட்டுல போட்டே, தோலை உரிச்சிடுவேன். இதையாவது ஒன்பது வருஷம் வச்சிக்கிட்டிருக்காம, இப்பவே கேளுடா."