தண்ணீரை நிறுத்திய ஷிப்ட்

எண்ணூர் சாலையோரம் இருந்த மாட்டுக்கறி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்ப்பது செங்கொடிக்குப் பெருமை. தான் கட்டும் பெட்டி துபாய்க்கும் வியட்நாமுக்கும் போகிறது என்று தெருவெல்லாம் சொல்லுவாள். இரண்டாயிரத்து ஏழில் வெளிநாட்டு ஆர்டர் எக்கச்சக்கமாக ஏறி, ஒரு ஷிப்ட் மூன்றானது. வெட்டுவதும் கழுவுவதும் அதற்கேற்பப் பெருகின. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி மட்டும் பழையதுதான். அதில் கொள்ளாததைக் குழாய் போட்டுப் பின்பக்கத்துக் கால்வாயில் விட்டார்கள்.

அந்தக் கால்வாயோரம்தான் செங்கொடியின் வீடு. முதலில் இறால் செத்து மிதந்தது. அப்புறம் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. மேனேஜர் சுப்பராயனிடம் போய்ச் சொன்னாள். புதுத் தொட்டியை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவர் அனுப்பிவிட்டார்.

கார்த்திகை அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கடல் ஏறிக் கால்வாயை எதிர்த்துத் தள்ளியது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போன செங்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கணுக்கால் அளவுக்குச் சிவப்புத் தண்ணீர். மகள் எழில்மொழி புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு கட்டில்மேல் நின்றாள். மகளைப் பக்கத்து வீட்டு மாடியில் ஏற்றிவிட்டு, நனைந்த புடவையோடே கம்பெனிக்கு ஓடினாள் செங்கொடி.

கழுவும் கூடத்துக்குத் தண்ணீர் விடும் வால்வு சூப்பர்வைசர் சாபிராவின் பொறுப்பு. செங்கொடி மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். சாபிரா அவள் புடவைக் கரையில் ஏறியிருந்த சிவப்பைப் பார்த்தாள். உடனே வால்வுச் சக்கரத்தில் கை வைத்தாள். அது அசையவில்லை. செங்கொடியும் சேர்ந்து பிடித்தாள். இன்னும் இரண்டு பெண்கள் ஓடி வந்து கைபோட, சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றியது. கூடமெங்கும் தண்ணீர்ச் சத்தம் அடங்கிப்போனது. மேனேஜர் ஓடி வருவார் என்று செங்கொடிக்குத் தெரியும். பயம்தான்; ஆனாலும் சிரிப்பு வந்தது.

பெண்கள் வால்வைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கறி வெட்டுகிறவர்களும் கத்தியை வைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். சுப்பராயன் ஓடி வந்தார்.

"ஹார்பர்ல கப்பல் நிக்குதும்மா."

"நிக்கட்டும் சார். எங்க வூட்டுக்குள்ள ரத்தம் நிக்குது. வந்து பாத்துட்டுப் பேசு" என்றாள் செங்கொடி.

முதலாளிக்குப் போன் போனது. கழுவாமல் ஒரு பெட்டியும் கட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். காரில் வந்து இறங்கியவரைப் பெண்கள் நேரே தெருவுக்கு அழைத்துப் போனார்கள். பளபளக்கும் ஷூவோடு செங்கொடியின் வாசலில் கால் வைத்தவர், மூக்கைப் பொத்தியபடி அங்கேயே ஒத்துக்கொண்டார்: புதுத் தொட்டி கட்டும்வரை ஒரே ஷிப்ட், குழாயை இன்றைக்கே அடைப்பது.

மூன்று ஷிப்ட் ஆட்களும் ஒரே ஷிப்டைப் பங்கு போட்டதில், பின்னால் எல்லாருக்கும் மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் வேலை என்றானது. பல வீடுகளில் பணமுடை வந்தது. செங்கொடியைத் திட்டியவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சாயங்காலம் யாரும் அதை நினைக்கவில்லை. தெருவே கால்வாய்க் கரையில் கூடியிருந்தது. செங்கொடி முழங்கால் தண்ணீரில் இறங்கி, குழாய் வாயில் சிமெண்டைக் கையாலேயே அப்பினாள். கடைசிச் சொட்டும் நின்றதும் கரையில் எழுந்த விசில் சத்தத்தில், பக்கத்தில் நின்ற சாபிரா என்ன சொன்னாள் என்பதே அவளுக்குக் கேட்கவில்லை.